24-க்கு அடுத்து 29

பழைய பத்திரிகைகளை வருஷவாரியாகச் சேர்த்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டு, முதுகில் பெயரும் வருஷமும் பொறித்து வைத்திருப்பார்கள். பைண்டு வால்யூம். ஏதாவது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அதை எடுத்துப் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். எங்கேயாவது ஓரிடத்தில், தையலை ஒட்டி ஒரு மெல்லிய காகித விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு பக்கம் இருந்தது. செல்லரித்திருந்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். எலி கடித்திருந்தால் கன்னாபின்னாவென்று இருக்கும். இது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும்.

பிளேடு.

நடிகை படத்தைக் கிழிக்கிறவன் அவசரக்காரன். கையாலேயே கிழித்துக்கொண்டு ஓடிவிடுவான். பிளேடு கொண்டுவருகிறவன் வேறு ஜாதி. அவனுக்கு எந்த வருஷம், எந்த மாதம், எந்தக் கட்டுரை என்று தெரியும். அதைத் தேட நாலு நாள் செலவழித்திருப்பான். அந்தக் கட்டுரையின் அருமை ஊரிலேயே அவனுக்குத்தான் அதிகம் தெரியும். அதனால்தான் வெட்டினான். இதுதான் என்னை உறுத்துகிற விஷயம். புத்தகத்தை மதிக்காதவன் புத்தகத்துக்குச் செய்கிற கெடுதல் கொஞ்சம்தான். அவன் நூலகத்துக்கே வருவதில்லையே.

இதை யோசிக்க வைத்தது சேந்தமங்கலத்திலிருந்து வந்த ஒரு கடிதம். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். காரவள்ளிக்குப் போய் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர். எழுதியவர் ஆராய்ச்சி மாணவி. குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். விஷயம், மதுவிலக்கு. இந்தியாவில் வேறெங்கும் வருவதற்கு முன்பு, 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில்தான் ராஜாஜியின் அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. நாமக்கல், சேந்தமங்கலம் எல்லாம் அப்போது சேலத்தோடு சேர்த்தி. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான்.

அந்த முதல் தேதியைப் பற்றி எழுதாத ஆள் கிடையாது. பெண்கள் சந்தோஷப்பட்டது, வீட்டில் அடுப்பு எரிந்தது, கள்ளுக்கடை வாசலில் கோலம் போட்டது என்று ஏராளம். இந்தப் பெண்ணுக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. போனில் பேசினபோது சொன்னார்:

"எங்க பாட்டியோட அப்பா மரமேறினவருங்க சார். செப்டம்பர் முப்பதாம் தேதி ஏறினாரு, அக்டோபர் ஒண்ணாந்தேதி ஏறல. அதுக்கப்புறம் அவங்கெல்லாம் என்ன சாப்பிட்டாங்கன்னு யாராச்சும் எழுதியிருப்பாங்களான்னு பாக்கறேன். அரசாங்க ரிப்போர்ட்ல எண்ணிக்கை இருக்குதுங்க. ஆளு இல்லீங்க."

ஆள் இருக்கக்கூடிய இடம் அன்றைய பத்திரிகைதான். அதனால் பத்திரிகைகளைத் தேடக் கிளம்பினார்.

புத்தகத்தைத் தேடுவது வேறு, பத்திரிகைக் கட்டுரையைத் தேடுவது வேறு. புத்தகத்துக்குத் தலைப்பு உண்டு, ஆசிரியர் உண்டு. கேட்லாக்கில் பார்த்தால் எந்த ரேக் என்று சொல்லிவிடும். கட்டுரைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. கேட்லாக்கில் பத்திரிகையின் பெயர் மட்டும் இருக்கும். அதற்குள் ஒரு வருஷத்துக்கு எத்தனை நூறு கட்டுரைகள், யார் யார் எழுதினது, எதைப் பற்றி, ஒன்றும் இருக்காது. நீங்கள்தான் ஒவ்வொரு இதழாகப் புரட்ட வேண்டும். அதிலும் பழைய தமிழ்ப் பத்திரிகை என்றால் தேதி கண்டுபிடிப்பதே ஒரு வித்தை. ஒன்று மாலை, மணி என்று எண் போட்டிருக்கும். இன்னொன்று மலர், இதழ் என்கும். வேறொன்று தொகுதி, பகுதி. ஆங்கில வருஷமே போடாமல் 'ஈசுவர வருஷம் ஐப்பசி' என்று மட்டும் இருக்கும். ஈசுவர என்றால் 1937 சித்திரையிலிருந்து ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, பைண்டு பண்ணுகிறவர் 'இது எதுக்கு' என்று மேலட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் பிய்த்துப் போட்டுவிட்டிருப்பார். பல பத்திரிகைகளில் தேதி இருப்பதே அட்டையில்தான்.

மூன்று பஸ் மாறிப் போய் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை. வேறொன்றுக்குப் போயிருந்தாலும் இதே கதை நடந்திருக்கலாம். நாலாவது நாள் மத்தியானம், ஒரு மாத இதழின் பொருளடக்கத்தில், மரமேறிகளைப் பற்றித்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிகிற ஒரு தலைப்பு. பக்கம் 25. கை நடுங்கியது என்று எழுதியிருந்தார். புரட்டினால், 24-க்கு அடுத்து 29.

இரண்டு தாள். நேர்க்கோடு.

வெட்டினவர் தரப்பில் நியாயம் இல்லை என்று நினைக்காதீர்கள். நான் அவருக்கு வக்கீலாக இருந்து பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். சரியாக இருந்தாலும் பைண்டு வால்யூமை வெளியே தரமாட்டார்கள். ஐந்து மணிக்கு மணியடித்துவிடுவார்கள், ஊருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. நாலு பக்கத்தை உட்கார்ந்து கையால் எழுத நேரமில்லை. அந்த வால்யூமை முப்பது வருஷமாக யாரும் தொட்டதில்லை என்று மேலே இருக்கிற தூசியே சொல்கிறது. ஓரமெல்லாம் பொரிந்து உதிர்கிறது. இன்னும் பத்து வருஷத்தில் 'கழிவு' என்று முத்திரை குத்தி எடைக்குப் போடப்போகிறார்கள். எடைக்குப் போய் பஜ்ஜி மடிக்கிற தாளை, அதன் அருமை தெரிந்த நான் எடுத்துக்கொண்டால் அது திருட்டா, காப்பாற்றுவதா?

பலமான வாதம்தான். எனக்கு உடனே பதில் தோன்றவில்லை.

சொத்துரிமையைப் பற்றி யோசித்தவர்களில் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் லாக் முக்கியமானவர். பொதுவில் கிடப்பதிலிருந்து ஒருவன் எடுத்துக்கொள்வது எப்போது நியாயம் என்று கேட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சமிருந்தால் நியாயம் என்று பதில் சொன்னார். ஆற்றில் ஒருவன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் அடுத்தவனுக்கு நஷ்டமில்லை. நம் ஊர் ஊருணிக்கும் அதே சட்டம்தான். குடத்தில் மொண்டுகொண்டு போகலாம், கால் கழுவக்கூடாது. இதைச் சொல்லித்தர லாக் வரவேண்டியதில்லை, கரையில் உட்கார்ந்திருக்கிற கிழவியே போதும்.

பத்திரிகைக் கட்டுரையை வாசிப்பது ஆற்றில் தண்ணீர் குடிப்பது மாதிரி. ஆயிரம் பேர் வாசித்தாலும் ஒரு எழுத்து குறையாது. வெட்டி எடுத்தாலோ, ஒருவருக்கு மட்டும்தான். போதுமான அளவு மிச்சம் இல்லை, மிச்சமே இல்லை.

'முப்பது வருஷமாக யாருமே வரவில்லையே, யாருக்கு நஷ்டம்?' என்பார் நம் பிளேடுக்காரர். இங்கேதான் அவர் வாதம் உடைகிறது என்று எனக்குப் படுகிறது. நேற்று அவர் வரும்வரையில் அவரும் வராத ஆள்தான். அவர் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒரு நூலகர் சந்தா கட்டி, வந்த இதழை எண் பார்த்து, விட்டுப்போனதுக்குக் கடிதம் எழுதி வரவழைத்து, தைத்து, ரிஜிஸ்டரில் பதிந்து வைத்தார். யாருக்காக? முகம் தெரியாத, வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்காக. அந்த ஒருவர் தான்தான் என்று பிளேடுக்காரர் நினைத்துவிட்டார். வரிசையில் தான் கடைசி ஆள் என்று எப்படி அத்தனை நிச்சயமாகத் தெரிந்ததோ.

இன்னொன்று. தாளுக்கு இரண்டு புறம் உண்டு. சேந்தமங்கலத்துப் பெண் மிச்சப் பக்கங்களைக் கவனமாகப் பார்த்திருக்கிறார். 24-ம் பக்கத்தில் ஒரு சிறுகதை பாதியில் நிற்கிறது. அதன் முடிவு 25-ன் மேல்பாதியில் இருந்திருக்க வேண்டும். 29-ம் பக்கம் எதன் நடுவிலிருந்தோ தொடங்குகிறது. கட்டுரைக்காரர் போகிற போக்கில் ஒரு கதையின் வாலையும் இன்னொன்றின் தலையையும் கொண்டுபோய்விட்டார். அவை அவருக்குத் தேவைகூட இல்லை.

எல்லாவற்றையும்விட, பொருளடக்கம் இப்போது பொய் சொல்கிறது. 25-ம் பக்கத்தில் இருக்கிறது என்கிறது. இல்லை. கேட்லாக்கும் ரிஜிஸ்டரும் அதை நம்பி அதே பொய்யைச் சொல்கின்றன. அந்தச் சொல்லை நம்பி ஒரு பெண் மூன்று பஸ் மாறி வருகிறாள்.

இதே மாதிரி சிரமப்பட்ட மாணவர்களைப் பார்த்து வேறு விதமாக நடந்துகொண்ட ஒரு பையனின் கதை உண்டு. அமெரிக்காவில், ஏல் கல்லூரியில், வில்லியம் ஃபிரெடரிக் பூல் என்று ஒரு மாணவர். அங்கிருந்த மாணவர் சங்க நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். விவாதப் போட்டிக்கு விஷயம் தேடி வருகிற சக மாணவர்கள், ரேக் முழுக்கப் பத்திரிகைகள் இருந்தும் எதில் எது இருக்கிறது என்று தெரியாமல் திரும்பிப் போவதைப் பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொரு வால்யூமாகப் புரட்டி, விஷயவாரியாக அகரவரிசையில் ஒரு பட்டியல் போட்டார். 1848-ல் அது அச்சானது. அப்போது அவர் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. பின்னாளில் பல நூலகங்கள் சேர்ந்து உழைத்து 1882-ல் பெரிய பதிப்பு வந்தது. உலகம் முழுக்க இன்று கட்டுரை தேடுகிற வசதிகளுக்கெல்லாம் அது ஒரு தாத்தா. அவரும் ஒரு மாணவர், நம் பிளேடுக்காரரும் ஒரு மாணவர். இரண்டு பேரும் அதே தூசியைத்தான் தின்றார்கள்.

தமிழில் அப்படிப்பட்ட அடைவுகள் வெகு குறைவு. கட்டுரை எழுதினவருக்கு மாலை போடுவோம், தொகுத்தவருக்குச் சால்வை போடுவோம். 'இந்த வருஷத்து இதழில் இன்ன பக்கத்தில் இது இருக்கிறது' என்று பட்டியல் போட்டவரின் பெயர் யாருக்காவது தெரியுமா?

இப்போது பிளேடுக்காரரின் இன்னொரு வாதத்துக்கு வருகிறேன். 'எடைக்குப் போகிறதை எடுத்து வைத்தவர்களைக் கொண்டாடுகிறீர்களே, ரோஜா முத்தையா என்ன செய்தார்?'

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர் முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாள் முழுக்க வாங்கி வாங்கி வீட்டை நிரப்பினார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992-ல் காலமானார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் தமிழ்நாட்டிலேயே இருக்க ஏற்பாடு செய்தது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இப்போது தரமணியில் இருக்கிறது. பழைய தமிழ்ப் பத்திரிகையைத் தேடுகிற எவருக்கும் அது ஒரு புகலிடம்.

முத்தையாவும் தனக்கென்றுதான் வாங்கினார், தன் வீட்டில்தான் வைத்தார். அப்படியானால் வித்தியாசம் எங்கே? அவர் காசு கொடுத்தார், இவர் கொடுக்கவில்லை என்பது போலீஸ்காரருக்கான பதில். எனக்குப் படுவது இது: முத்தையா வீட்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டு போனார்கள். அங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. பிளேடுக்காரரின் இரண்டு தாள் எந்த ஊரில், எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவராலும் வெளியே சொல்ல முடியாது. காப்பாற்றினேன் என்று நினைப்பவர், காப்பாற்றியதை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக நூலகங்களெல்லாம் புண்ணியவான்கள் என்று சொல்லவில்லை. பிளேடு இல்லாமலே வெட்டுகிற நூலகங்கள் உண்டு. "அந்தப் பீரோ சாவி பழைய ஹெட் கிளார்க் கிட்ட இருந்துச்சுங்க, அவர் ரிட்டயர்டு ஆயிட்டாரு." "துறைத் தலைவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க." "அதெல்லாம் தொட்டா உதிர்ந்துடும், குடுக்கறதில்ல." ஒரு பக்கமும் தொலையவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒருவரும் படிக்காவிட்டால் எப்படித் தொலையும்? பூட்டிய பீரோவில் 25-ம் பக்கம் இருப்பதும், இல்லாமல் இருப்பதும் சேந்தமங்கலத்துப் பெண்ணுக்கு ஒன்றுதான்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆரம்பத்தில் வேலை பிடிக்காமல், திரும்பக் கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்று மன்றாடியவர். லண்டன் போய் அங்கே நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு வந்தபிறகு வேறு மனுஷராகிவிட்டார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுவதற்கே. நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இன்று கேட்டால் 'இதில் என்ன பெரிய தத்துவம்' என்று தோன்றும். புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் காப்பாற்றுவதுதான் நூலகர் வேலை என்று பல நூற்றாண்டுகள் இருந்த உலகம் இது. அலமாரியைத் திறந்து வாசகர் கையில் விடு என்று அவர் வாதாடியபோது, அதில் எவனோ ஒருவன் பிளேடோடு வருவான் என்பது அவருக்குத் தெரியாதா? கணக்கு வாத்தியார், எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருப்பார். நூறு பேரை நம்பினால் ஒருவன் ஏமாற்றுவான். அந்த ஒருவனுக்குப் பயந்து தொண்ணூற்றொன்பது பேரைத் திருடனாக நடத்துவதா என்பதுதான் கேள்வி.

ஆனால் அந்த ஒருவன் செய்வதன் விலையைக் கட்டுவது நூலகம் அல்ல, தொண்ணூற்றொன்பதில் ஒருத்தி. இதற்கு ரங்கநாதனின் ஐந்து விதிகளிலும் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன யோசனை ஒன்றுதான். மதுவிலக்குக்கென்றே ராஜாஜி 1929-ல் 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து. கூட வேலை பார்த்தவர் கல்கி. நிறைய நாள் நடக்கவில்லை. சட்டம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே மரமேறிகளைப் பற்றி இவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அதில் பாருங்கள் என்றேன். சிரித்தார். "எங்க ஊர்ல இருந்து அம்பது கிலோமீட்டர்கூட இல்லீங்க சார். ஆனா பாக்கணும்னா மெட்ராஸ்தான் போகணும் போல."

மெட்ராஸ் போனார். வேறொரு நூலகத்தில் அந்த மாத இதழும் மைக்ரோஃபிலிமில் அகப்பட்டுவிட்டது. 25-லிருந்து 28 வரை முழுசாக. மரமேறிகளுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிற உபதேசம்தான் மூன்றரைப் பக்கமும். ஒரே ஒரு இடத்தில், ஒரு கிழவர் கட்டுரை ஆசிரியரிடம் கேட்கிற கேள்வி வருகிறதாம். வெல்லம் வாங்க ஆள் வருமா என்று. அவ்வளவுதான். "அந்த ஒரு வரிக்கு மூணு மாசம் ஆச்சுங்க. ஆனா ஆளு இருக்காருங்க சார்" என்றார்.

பிரிண்ட் எடுத்து, திரும்ப அந்தப் பழைய நூலகத்துக்குப் போயிருக்கிறார். வெட்டுப்பட்ட இடத்தில் வைக்கச் சொல்லிக் கொடுக்க. இதை நான் சொல்லித்தரவில்லை. கவுன்டரில் இருந்தவர், நன்கொடைக்குப் படிவம் இருக்கிறது, ஆனால் முழுப் புத்தகமாக இருந்தால்தான் ரிஜிஸ்டரில் ஏற்ற முடியும் என்று விளக்கியிருக்கிறார். நாலு தாளை எந்தக் கணக்கில் எழுதுவது? கடைசியில் வயசான அட்டெண்டர் ஒருவர், "குடு கண்ணு, நான் வெச்சுக்கறேன்" என்று வாங்கி, மடித்து, 24-க்கும் 29-க்கும் நடுவில் செருகினாராம். கணக்கில் இல்லாத நாலு பக்கம்.

இதைச் சில நண்பர்களிடம் சொன்னபோது, 'இனிமேல் அந்தப் பிரச்னையே இல்லை சார், செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் போச்சு' என்றார்கள். வாஸ்தவம். 2017-ல் தொடங்கிய அரசின் தமிழிணையம் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தபடியே பழைய இதழ்களைப் புரட்டலாம். ஈழத்தமிழர்கள் 2005-ல் ஆரம்பித்த 'நூலகம்' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சாம்பலானவை சுமார் 97,000 நூல்கள். பறிகொடுத்தவர்கள், மிஞ்சியிருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாம் குறை சொல்ல முடியுமா? அவர்களோ பழைய சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள்.

ஆனால் செல்போன் வந்ததால் பிளேடு போய்விட்டது என்பதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கம் பிழைத்துக்கொண்டது, உண்மை. 'நான் கண்டுபிடித்தது எனக்கு மட்டும்' என்கிற மனசு அப்படியேதான் இருக்கிறது. கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள். எந்த இதழ், எந்த மாதம், எங்கே பார்த்தேன் என்று எழுதமாட்டார்கள். இன்னொருவர் வருஷக்கணக்காகத் தேடி எடுத்ததை அவர் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, தாங்களே மூல இதழைப் பார்த்த மாதிரி அடிக்குறிப்பு போடுவார்கள். முன்னது ஏணியில் ஏறிவிட்டு ஏணியை மேலே இழுத்துக்கொள்வது. பின்னதில் ஏணி போட்டவரே காணாமல் போகிறார்.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சியாளர் ஒருவரின் ஹார்ட் டிஸ்கில், பல ஊர்களில் எடுத்த பழைய பத்திரிகைப் பக்கங்கள் பல ஆயிரம் இருக்கின்றன. நல்ல மனிதர். போனால் காபி தராமல் அனுப்பமாட்டார். அவர் பயமும் எனக்குப் புரிகிறது. இப்போதே கொடுத்தால் வேறு யாராவது முந்திக்கொண்டு எழுதிவிடுவார்கள், பட்டமும் பதவி உயர்வும் அவர்களுக்குப் போய்விடும். உழைத்தவர் முதலில் எழுதட்டும் என்று நானும் நினைக்கிறேன். சேந்தமங்கலத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லி, 1937-38 இதழ்கள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு சார். என் புத்தகம் வந்ததும் எல்லாத்தையும் பொதுவுல போட்டுடப் போறேன்" என்றார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் முதலில் என்னிடம் சொன்னது 2013-ல்.